ஆத்தாளிடம் ஒரு கேள்வி கேட்டேன்

1

சிங்கப்பூரில் எங்கள் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. பூசைக்குத் தனி அறையெல்லாம் கிடையாது. சமையலறைக்குப் போகிற வழியில் சுவரில் ஒரு மரத்தட்டு அடித்து, அதில் மாரியம்மன் படமும் ஒரு காமாட்சி விளக்கும் வைத்திருக்கிறேன். படம் சிவகாசியில் அச்சடித்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஆப்செட் மிஷினில் இருந்த காலத்தில் அவர் கையால் ஓட்டியது. அம்மனையும் முருகனையும் அச்சடித்துக்கொண்டிருந்தவர் இங்கே வந்து கோழிக்கால் தள்ளுபடி விளம்பரம் அச்சடிக்கிறார். பிழைப்பு அப்படி.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மூன்று பேரும் வெளியே கிளம்பினோம். லிஃப்ட் வந்துவிட்டது. என் மகள் காவ்யா மட்டும் திரும்ப உள்ளே ஓடினாள். எதையோ மறந்துவிட்டாள் போல என்று எட்டிப் பார்த்தால், விளக்கை வாயால் ஊதி அணைக்கிறாள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தியை ஊதுவார்களே, அந்த மாதிரி.

"என்னடி பண்றே?"

"அணைக்கிறேன்மா. வீட்ல ஆள் இல்லாதப்ப தீ எரியக் கூடாது."

"அதுக்கு வாயால ஊதுவியா? பூவை எடுத்துக் குளிர வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"ரெண்டுலயும் அணையத்தானே போகுது?"

என் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. இவர் வாசலில் நின்றபடி, "லிஃப்ட் போயிருச்சு. ஆத்தாளும் மகளும் சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்றார்.

"நான் கேட்டா மட்டும் தப்பு. நீங்க கேட்டீங்களே, ஊர்ல, அத்தனை பேர் முன்னாடி" என்றாள் காவ்யா.

அவள் சொன்னது போன பங்குனியை. அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அன்று நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலர் அன்று அங்கே நின்றிருக்கலாம். நின்றவர்கள் ஒரு விதமாகச் சொல்வார்கள். நான் என் விதத்தில் எழுதுகிறேன்.

2

நான் சாமி கும்பிடுகிறவள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய படிப்பு, காலையில் எழுந்ததும் ஆத்தாள் முகத்தில் விழிப்பதுதான். பாஷை தெரியாத ஊரில் என்னைப் பைத்தியமாகாமல் வைத்திருந்தது அவள்தான்.

என் தம்பி கருப்பசாமி எனக்கு நேர் எதிர். பேரில்தான் சாமி. "அதையும் வெட்டிட்டுக் கருப்பான்னு கூப்பிடுக்கா, சுருக்கமா இருக்கும்" என்பான். எந்தக் கட்சியிலும் இல்லை. கறுப்புச் சட்டை போட்டதில்லை. புத்தகம் படித்து வந்த புத்தியும் இல்லை அது. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக் கலக்கி வந்த புத்தி என்று அவனே சொல்வான். "மருந்து ஈரமா இருந்தா சும்மா கிடக்கும். காஞ்சு உரசுனா எரியும். வெள்ளிக்கிழமைன்னு பாக்காது, நல்லவன் கெட்டவன்னு பாக்காது. நான் மருந்துக்குத்தான்க்கா பயப்படுவேன். ஒன் ஆத்தாளுக்கு இல்ல."

பட்டாசுக் கம்பெனிப் பூசையை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே சாமிக்குத் தீ கிடையாது. மருந்து இருக்கிற அறைகளின் நிலைப்படியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகுவார்கள். அவ்வளவுதான். சூடமும் பத்தியும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில். தீ காட்டாமல் கும்பிட்டாலும் ஆத்தாள் ஏற்றுக்கொள்வாள் என்று எங்கள் ஆட்கள் காலங்காலமாக நம்பி வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு புத்தி இருக்கிறது.

தீபாவளி முடிந்து, லீவு விட்டு, கம்பெனியைத் திரும்பத் திறந்த அன்று, புதிதாக வந்த மேனேஜர் சூடத்தட்டைக் கொளுத்திக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். விருதுநகரில் கடை வைத்திருந்த ஆள், பட்டாசுக்குப் புதுசு. வருடம் நல்லா ஓடணும் என்று ஆசை. அறை அறையாகக் காட்டப் போகிறேன் என்று மருந்து அறைப் பக்கம் நடந்திருக்கிறார். வேலையாட்கள் எல்லாம் கும்பிட்டபடி மிரண்டு நின்றிருக்கிறார்கள். யாருக்கும் வாய் வரவில்லை. சாமி காரியம், மேனேஜர் வேறு.

என் தம்பி தீயணைக்க வைத்திருந்த வாளியில் இருந்து மணலை அள்ளித் தட்டில் போட்டுவிட்டான்.

அன்றைக்கே எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தான். "அக்கா, இன்னைக்கு ஒன் ஆத்தாளுக்குக் காட்டுன சூடத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"ஏலே, வாயில வசம்பு வச்சுத் தேய்க்க. சூடத்துல மண்ணைப் போடுவாகளாடா?"

"போடலைன்னா நாங்க அம்புட்டுப் பேரும் சூடமாயிருப்போம்."

அவன் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அன்று நான் அவனுக்காகத் தனியாக ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டேன்.

3

சிவகாசிப் பக்கத்து ஆட்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஒரு பழக்கம் இருக்கும். டி.வி. செய்தியில் பட்டாசு என்று ஒரு சொல் வந்தால் கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கும். ஊர்ப் பேர் வருகிற வரைக்கும் மூச்சு விட மாட்டோம். வேறு ஊர் என்று தெரிந்ததும் "அப்பாடா" என்போம். அப்புறம் அந்த "அப்பாடா"வுக்காக வெட்கப்படுவோம்.

அந்த மாசி மாதம் வந்த பேர் நாரணாபுரம்.

போன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் தம்பி பெண்டாட்டி முத்துமாரி எடுத்தாள். "மதினி, இவுக இருக்காக. இருக்காக. முதுகும் இடது கையும் வெந்திருக்கு. மதுரைக்குக் கொண்டுட்டுப் போறாக" என்றாள். "இருக்காக" என்ற சொல்லுக்கு அப்புறம் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

விவரம் பிறகுதான் தெரிந்தது. வெடித்தது தம்பி இருந்த அறை இல்லை, பக்கத்து அறை. மூன்று பெண்கள் போய்விட்டார்கள். மூவரும் எங்கள் ஊர். தம்பி சத்தம் கேட்டு ஓடியிருக்கிறான். முன்வாசல் முழுக்கத் தீ. பின்வாசலுக்குச் சுற்றி ஓடினால், கதவை ஒட்டி அட்டைப்பெட்டிக் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். லோடு ஏற்றுவதற்காக அடுக்கியது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. அந்த வாசலை அடைக்காதீர்கள் என்று அவன் பல தடவை சொல்லியிருக்கிறான். "லோடு போனதும் எடுத்துருவோம்பா" என்பார்களாம். ஒரு லோடு போகும், அடுத்த லோடு வரும்.

அவன் பெட்டிக் கட்டுகளை இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்தபோது, மூவரும் கதவோரத்திலேயே கிடந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்தபடி அவன் போனில் என்னிடம் சொன்னது இதுதான்: "சண்முகக்கனி அக்கா கை கதவுல இருந்துச்சுக்கா." அந்த மூவரில் ஒருத்தி சண்முகக்கனி. போனை முத்துமாரியிடம் கொடுத்துவிட்டான்.

4

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு பேரில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் வரி வாங்கினால்தான் நீ ஊர்க்காரன். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் படியேற மாட்டார்கள்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், கோயிலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். மூன்று உயிர் போன ஊர். பொங்கல் வைக்கலாமா என்று ஆத்தாளிடம் உத்தரவு கேட்பதற்காக. எங்கள் சித்தப்பாதான் சாமியாடி. அப்பாவின் கூடப்பிறந்தவர். அவர் மேல் ஆத்தாள் இறங்கினால் சொல்வதுதான் ஊருக்குச் சட்டம். அன்றைக்கு இறங்கிச் சொல்லியிருக்கிறாள்: "எனக்குக் காட்டுன சூடத்துல மண்ணள்ளிப் போட்டான். நான் தீயா வந்தேன். போட்ட கையாலே அக்கினிச்சட்டி எடுத்து என் வாசல்ல விழணும். அதுவரைக்கும் அவன் வரி எனக்கு வேண்டாம்."

மறுநாளே சித்தப்பா எனக்குப் போன் போட்டார். "ஒந்தம்பி ஓஞ்சொல்லைத்தான் கேப்பான் தாயி. வந்து சொல்லு. ஒரு சட்டி எடுத்துட்டா ஊரு அடங்கிரும். அந்த மூணு வீட்டுக்காரனும் இவனை வெட்டணும்னு நிக்கான்."

அவர் குரலில் சூது இல்லை. பயம்தான் இருந்தது. அதை நான் இன்றும் சொல்வேன்.

தம்பிக்குப் போட்டேன். "ஒரு சட்டி எடுத்தா என்னடா கொறஞ்சு போகும்?"

"மூணு பேரு கொறஞ்சு போச்சுக்கா" என்றான். பிறகு அவனே விளக்கினான். "சர்க்கார் விசாரணை வருது. பின்வாசலைப் பத்திச் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் சட்டி எடுத்தா, 'குத்தத்தை அவனே ஒத்துக்கிட்டான்'னு ஊரே கையெழுத்துப் போடும். கம்பெனிக்காரன் பொழைச்சுக்கிருவான். சித்தப்பா மகன் அந்தக் கம்பெனி வேனைத்தான் ஓட்டுறான். அது ஒனக்குத் தெரியுமோ இல்லையோ, ஒன் ஆத்தாளுக்குத் தெரியும்."

"ஆத்தாளை இழுக்காதடா."

"நானா இழுத்தேன்? அவுகதான இழுத்து நடுவுல விட்டாக."

அவன் ஆத்தாள் வாசலில் விழுந்தால் ஊரில் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரின் சாவும் அவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். விழாவிட்டால் ஊரே இல்லை. இடையில் நான் கும்பிடுகிற ஆத்தாள் வாய் திறந்து அவன் மேல் பழி சொல்லியிருக்கிறாள். சொன்னது அவள்தானா?

5

போய்த்தான் ஆக வேண்டும் என்று முடிவு பண்ணினேன். இங்கே நிரந்தரவாசியாக இருக்கிறவர்கள் நினைத்ததும் கிளம்ப முடியாது. திரும்பி வருவதற்கான அனுமதி செல்லுபடியாகிறதா பார்க்கணும், இல்லாவிட்டால் புதுப்பிக்கணும். கம்ப்யூட்டரில் காவ்யாதான் செய்து கொடுத்தாள். என் பேரையும் அப்பா பேரையும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று தடவை திருப்பி அனுப்பி, ஒருவழியாக வந்தது.

காவ்யாவுக்கு லீவு கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழக்கமாக அவளே கூட நின்று பேசுவாள். அன்று அவள் வகுப்பில் இருந்தாள். அலுவலகத்தில் இருந்த சீனப் பெண் என்ன காரணம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "காட் காலிங். ஃபேமிலி மஸ்ட் கோ" என்றேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ'ம் ஸோ சாரி" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். திருத்திச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

காவ்யாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நான் சாமி கும்பிட வரல. மாமாவைப் பாக்கத்தான் வர்றேன். அதை இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். வயது பதினாலு. நான் அந்த வயதில் கேள்வி என்றால் பரீட்சையில் வருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

6

ஊரில் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தான். முதுகில் புதுத்தோல் பளபளவென்று செவந்து கிடந்தது. காவ்யா பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"ஏத்தா, சிங்கப்பூரு, இங்கன வா. தொட்டுப் பாரு, பாப்பா கன்னம் மாதிரி இருக்கும்" என்று அவன்தான் அவளைச் சிரிக்க வைத்து உள்ளே கூப்பிட்டான்.

மறுநாள் காலையில் முத்துமாரியோடு குழாயடிக்குப் போனேன். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வரிசையில் இருந்த குடங்களை ஒவ்வொருத்தியும் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். யாரும் திட்டவில்லை, போகச் சொல்லவில்லை. முத்துமாரி எல்லாரும் பிடித்து முடிகிற வரைக்கும் தள்ளி நின்றாள். தினமும் இப்படித்தான் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. என்னிடம்கூட நலம் விசாரித்தார்கள். "எப்ப வந்தீக? பிள்ளை வளந்துட்டாளே" என்றார்கள். அவளிடம் ஒரு சொல் இல்லை.

திரும்பி வந்ததும் காவ்யா தம்பியிடம் கேட்டாள். "இவ்வளவு பேர் பேசாம இருக்காங்க. நீங்க ஏன் மாமா இந்த ஊர்லயே இருக்கீங்க?"

"எங்கன போக? ஒங்கப்பனுக்கு மிஷினு தெரியும், பறந்துட்டாரு. எனக்கு மருந்துதான் தெரியும். அதை வச்சுக்கிட்டு பிளேன்ல ஏற விட மாட்டானே."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல திரும்பச் சாமி கேக்காகடா. கடைசியா கேக்கேன், என்ன செய்யப் போறே?" என்றேன்.

"நான் வரலைக்கா. நீ போ. ஒனக்குத்தான் அவளைத் தெரியும். நீயே கேளு."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. தலைக்குத் தண்ணி ஊற்றி, ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனேன்.

7

உறுமி அடிக்க ஆரம்பித்ததும் சித்தப்பாவுக்கு உடம்பு நடுங்கியது. வேப்பிலையைக் கடித்தார். கண் செருகியது. ஊர் முழுக்கக் கை கூப்பி நின்றது. நானும் கூப்பினேன். என் கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவள் வந்துவிட்டாள் என்று என் உடம்புக்குத் தெரியும்.

வரி வாங்குகிறவர் கேட்டார்: "ஆத்தா, உத்தரவு சொல்லு. கருப்பசாமி வீட்டை என்ன செய்ய?"

"சொன்னது சொன்னதுதான்! மண்ணள்ளிப் போட்ட கை என் சட்டியை ஏந்தணும்!"

சாமி வந்து நிற்கும்போது யாரும் கேள்வி கேட்கலாம். மழை வருமா, பிள்ளைக்கு எப்போது கல்யாணம் நடக்கும் என்று கேட்பார்கள். கேட்பது வழக்கம்தான். அதனால் நான் முன்னால் போய் விழுந்து கும்பிட்டு எழுந்தேன்.

"ஆத்தா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு மகளே."

"நீ தீயா வந்தேன்னு சொன்னே. சரி, ஏத்துக்கிட்டேன். மூணு பேரும் பின்வாசலுக்கு ஓடியிருக்காக. கதவு திறக்கல. அந்த வாசலை அடைச்சது யாரு? நீயா?"

உறுமிக்காரர் கை நின்றுவிட்டது. சித்தப்பா என்னைப் பார்த்தார். கண் செருகியபடி இல்லை; நேராகப் பார்த்தார்.

"அக்காவும் தம்பி மாதிரியே ஆயிட்டா! வெளிநாட்டுத் திமிரு!" என்று பின்னால் ஒரு ஆண் குரல். "ஆத்தாளையே மடக்குறியா?" என்று இன்னொரு குரல்.

"மடக்கலய்யா. தெரியாமத்தான் கேக்கேன்" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவள் சொல்வாள் என்று நம்பிக் கேட்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சண்முகக்கனியின் அம்மா எழுந்து வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. எனக்கு அடிவிழப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்ச் சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு ஆத்தா! எம்மக கதவைத் தட்டியிருப்பாளே! நீ அங்கன இருந்தேல்ல? யாரு அடைச்சா? சொல்லு!"

சித்தப்பா வேரறுந்த மாதிரி அப்படியே கீழே சரிந்தார். "ஆத்தா மலையேறிட்டா, மலையேறிட்டா" என்று சொல்லித் தண்ணீர் தெளித்தார்கள். கூட்டம் கலைந்தது. அந்தத் தாய் மட்டும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

8

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நடையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "சித்தப்பா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீ எதுக்கும்மா. எனக்கு இப்ப வேற பயம்" என்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஆத்தா இறங்குனா எனக்கு நெனவு இருக்காது. யாரு கேட்டாக, நான் என்ன சொன்னேன்னு ஒண்ணும் தெரியாது. எம்புட்டு வருசமா அப்படித்தான். நேத்து நீ கேட்டது எங்காதுல விழுந்துச்சு தாயி. முழுசா விழுந்துச்சு. அப்படின்னா நேத்து எம்மேல இருந்தது யாரு? அதுக்கு முந்திச் சொன்னது யாரு?"

அந்த மனிதர் காலமெல்லாம் பொய் சொன்னவர் இல்லை. தம்பியைக் காப்பாற்றப் போய் அவர் கையிலிருந்ததை நான் பிடுங்கிவிட்டேனோ? அவர் அதற்குப் பிறகு சாமியாடவில்லை. ஊர் அதற்கும் என்னைத்தான் சொல்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்தால், முத்துமாரி மஞ்சள் சேலை கட்டி, கையில் காப்போடு நிற்கிறாள். முன்னால் அக்கினிச்சட்டி தயாராக இருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என்ன முத்துமாரி இது? நேத்து நான் அத்தனை பேர் முன்னால கேட்டது எதுக்கு?"

"மதினி, இது அந்தச் சட்டியில்ல. இவுக ஆஸ்பத்திரியில குப்புறக் கிடந்தப்ப, பொழைச்சு வந்தா எடுக்கேன்னு நேந்துக்கிட்டது."

"ஊரு அப்படிப் பேசாது. குத்தத்துக்குத்தான் இவ எடுக்கான்னு சொல்லும்."

"சொல்லட்டும். நீங்க கேட்டுட்டு பிளேன் ஏறிருவீக. நான் நாளைக்கும் கொழாயடிக்குப் போகணும்." கோபமாகச் சொல்லவில்லை. விவரம் தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

தம்பி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீ ஒண்ணும் சொல்லலையாடா?" என்றேன்.

"அவ சட்டி, அவ நேத்திக்கடன். அவ சூடத்துல நான் மண்ணள்ளிப் போட முடியுமா?"

சட்டி எடுத்து வருகிறவளை மறிக்க எந்த ஊரிலும் ஆள் கிடையாது. முத்துமாரி தெருவில் இறங்கினாள். வேப்பிலை மேல் சட்டியை ஏந்தி, வெறுங்காலோடு நடந்தாள். பங்குனி வெயிலில் தார் ரோடு கொதித்தது. வழக்கமாகச் சட்டி எடுக்கிறவர்கள் நடக்கிற வழியில் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் தண்ணீர் வரவில்லை. கதவைச் சாத்தவுமில்லை. நின்று பார்த்தார்கள்.

தம்பி உள்ளே போய் ஒரு வாளி எடுத்து வந்தான். வெந்த இடது கையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, வலது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்து ரோட்டில் ஊற்றினான். தீர்ந்ததும் ஓடி வந்து திரும்ப மொண்டு கொண்டு போனான். காவ்யா தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள்.

டீக்கடையிலிருந்து ஒருத்தன், "என்னலே கருப்பா, கடைசியில ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்த வந்துட்டியா?" என்றான்.

"ரோட்டுக்கு ஊத்துறேன்டா. எம்பொண்டாட்டிக்குக் காலு சுடுதுல்ல" என்றான் தம்பி, நிற்காமல்.

9

அதற்கு அடுத்த வாரம் விசாரணையில் பின்வாசலைப் பற்றிச் சொன்னான். கேட்டதற்கெல்லாம் சொன்னேன், கேட்காததையும் சொன்னேன் என்றான். சண்முகக்கனியின் அம்மாவும் போய்ச் சொல்லியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் அவனுக்கு வேலை தரவில்லை. சாத்தூரில் தீப்பெட்டி செய்கிற ஒரு ஆபீசில் லோடு ஏற்றுகிறான். முதுகில் புதுத்தோல் இருப்பதால் மூட்டையை முதுகில் சுமக்க முடியாது, கையில்தான் தூக்குகிறானாம்.

காவ்யா என்னையும் மாமா கட்சியில் சேர்த்துவிட்டாள். நான் சேரவில்லை. நான் ஆத்தாளை நம்புவதால்தான் அவளிடமே போய்க் கேட்டேன். நம்பாதவனுக்குக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால் கேட்டதிலிருந்து கும்பிடும்போது முன்பு மாதிரி உடம்பு சிலிர்ப்பதில்லை. கண்ணில் தண்ணீர் தானாக வருவதில்லை. சித்தப்பா போனில்கூடப் பேசுவதில்லை. "என் தம்பிக்கு நல்ல புத்தியைக் கொடு, உன்னை நம்ப வை" என்று பல வருடமாக வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதைக் கேட்க நாக்கு எழும்பவில்லை. வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் நாள் குறித்துச் சாட்டியதும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"வரி வாங்கிட்டாகளாடா?"

"வாங்கிட்டாக. முத்துமாரி பேருல. சட்டி எடுத்தவ வரியை வேண்டாம்னு சொல்லக் கூடாதாம்."

"ஓம் பேரு?"

"எம்பேரைப் போடலையாம். அந்த வீட்டுல ஆம்பளை இல்லன்னு வச்சுக்கிடுவாக போல." சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. "கருப்பா, ஒனக்குத்தான் சாமி இல்லையே. சாமிக்குக் கொடுக்கிற வரியில ஓம் பேரு இல்லன்னா ஒனக்கு என்னடா வருத்தம்?"

கார்டு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"வருத்தமில்லன்னு சொன்னாப் பொய்யிக்கா" என்றான். "அது என் ஊருதான."